அமாவாசைக்கு மட்டும் மூடிய மரபணு

தாரணிக்கு ஈஸ்ட்டின் மேல் ஒரு புகாரும் கிடையாது. சொன்னதைக் கேட்கும், கொடுத்ததைத் தின்னும், திங்கட்கிழமை ஒரு பேச்சு வெள்ளிக்கிழமை ஒரு பேச்சு என்கிற வழக்கமெல்லாம் அதனிடம் இல்லை. அவள் எரிச்சல் முழுவதும் புற்றுநோய்ச் செல்லின் மேல்தான்.

மைசூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில் ஆறு வருஷமாக அவள் இந்த இரண்டையும் வைத்துக் குடித்தனம் நடத்துகிறாள். ஒன்று, பேக்கரிக்காரர் மாவைப் பொங்க வைக்கப் போடுகிற அதே ஈஸ்ட். இன்னொன்று, என்றைக்கோ எங்கேயோ ஒரு பெண்ணின் மார்பகக் கட்டியிலிருந்து எடுத்து, அந்தப் பெண் போய்ச் சேர்ந்த பிறகும் பிளாஸ்டிக் குடுவைக்குள் நிறுத்தாமல் பெருகிக்கொண்டிருக்கிற செல். தாரணிக்கு வயது முப்பத்திரண்டு. மார்டள்ளியில் பிறந்து, கொள்ளேகாலில் பட்டம் வாங்கி, மைசூரில் முதுகலை முடித்து, ‘இன்னும் ஒரே ஒரு படிப்பு’ என்று வீட்டில் சொல்லிவிட்டு டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். அந்த ஒரே ஒரு படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, தம்பியின் பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டது. அதுவும் போனில் முதலில் கேட்ட கேள்வி, “அத்தை, படிச்சு முடிச்சிட்டியா?”

கல்யாண வீடுகளில் அவளிடம் இரண்டே கேள்வி கேட்பார்கள். “ஈஸ்ட்டா? பன்னுக்குப் போடறதுதான அம்மிணி?” என்பது ஒன்று. “கேன்சருக்கு மருந்து கண்டுபுடிச்சாச்சா?” என்பது மற்றொன்று. முதலாவதுக்கு ஆமாம், இரண்டாவதுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அவள் இலையில் உட்கார்ந்துவிடுவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் எவருமில்லை. யாரும் கேட்காவிட்டாலும் கதைக்கு அது வேண்டியிருக்கிறது.

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். கண்ணில் இருக்கிற செல்லிலும் அவைதான், கல்லீரலில் இருக்கிற செல்லிலும் அவைதான். எதைத் திறந்து படிப்பது, எதை மூடி வைப்பது என்பதில் ஆளுக்கொரு முடிவு எடுத்துக்கொண்டதால் ஒன்று கண்ணானது, மற்றொன்று கல்லீரலானது. ஈஸ்ட்டுக்கு ஒற்றைச் செல்தான் மொத்த உடம்பு. அதற்கும் இந்தத் திறப்பும் மூடலும் உண்டு. குளுக்கோஸ் கிடைக்கிற வரைக்கும் வேறு சர்க்கரைகளைத் தின்பதற்கான மரபணுக்களை அது திறக்காது. பாயசம் ஓடுகிற பந்தியில் ரசத்தை ஏறிட்டுப் பார்க்காத விருந்தாளி மாதிரி.

மூடுவது எப்படி என்பதில்தான் தாரணியின் பிழைப்பு இருக்கிறது. மரபணு இழை மிக நீளமான நூல். அது குட்டிக் குட்டிப் புரத உருளைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. உருளையின் மேல் சில வேதி ஒட்டுகள் இருந்தால் சுற்று தளரும். தளர்ந்த இடத்தைப் படிக்கலாம். அந்த ஒட்டுகளைப் பிய்த்துப் போடுவதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. அது வந்து பிய்த்துவிட்டால் சுற்று இறுகி, மரபணு மூடிக்கொள்ளும். இந்தப் பிய்க்கிற நொதி ஈஸ்ட்டிலும் உண்டு, மனிதரிலும் உண்டு. முகச்சாயலில் இரண்டும் கூடப்பிறந்தவை. புற்றுநோய்ச் செல்லில் இது ஓர் அநியாயம் செய்கிறது. செல் பெருகுவதைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் மரபணு ஒன்றைப் போய் மூடிவிடுகிறது. நொதியின் கையைக் கட்டிப்போட ஒரு மருந்து இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஈஸ்ட்டில் மூடிய மரபணு திறக்க வேண்டும். புற்றுநோய்ச் செல்லில் பிரேக் திறக்க வேண்டும்.

வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்பே பேராசிரியர் கேசவமூர்த்தி அதைத் தலைப்பாகவே பதிவு செய்துவிட்டார். பதிவேட்டில் ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மரபணுவை மூடும் நொதி: ஈஸ்ட்டிலும் மனிதப் புற்றுநோய்ச் செல்லிலும் ஒரே விசை’. விசை என்றால் இங்கே ஸ்விட்ச். ஆய்வு பஸ் ஏறுவதற்கு முன்பே முடிவு போய் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டது.

ஈஸ்ட் அத்தியாயங்கள் இரண்டும் மூன்றாவது வருஷத்திலேயே முடிந்தன. மருந்து கொடுத்தால் திறந்தது, கொடுக்காவிட்டால் மூடியிருந்தது. அட்சரம் பிசகவில்லை. புற்றுநோய்ச் செல் அத்தியாயம்தான் இரண்டு வருஷமாக அவள் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. மருந்து கொடுத்த குடுவையில் பிரேக் மரபணு திறந்திருந்தது, நல்லது. மருந்தே கொடுக்காத குடுவையிலும் அது திறந்து கிடந்தது. எப்போதும் அப்படி இருந்தாலாவது சகித்துக்கொள்ளலாம். இருபத்துமூன்று தடவை செய்ததில் பதினேழு தடவை தானாகவே திறந்து கிடந்தது, ஆறு தடவை பாடப்புத்தகம் மாதிரி மூடியிருந்தது. மருந்தை மாற்றினாள், புதுச் செல் வாங்கி வளர்த்தாள், அளக்கிற எந்திரத்தை மாற்றினாள், ஒரு கட்டத்தில் செருப்பைக்கூட மாற்றினாள்.

“என்னம்மா தாரணி, மருந்து கொடுக்காமலே தெறந்துக்கறதுன்னா அப்பறம் மருந்து எதுக்கு?” என்பார் கேசவமூர்த்தி. “உன் கைதான் எங்கியோ தப்புப் பண்றது. செல்லு சும்மா பொய் சொல்லாது, இல்லியா?”

செல் பொய் சொல்லாது என்பது அவருடைய கொள்கை. மாணவர்களைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு கொள்கை இல்லை.

அவள் வேலைமுறை இது. சோதனைக்கு முன்னால் எல்லாச் செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காக அவற்றை ஒன்றரை நாள் பட்டினி போடுவார்கள். செல்லுக்குத் தீனி என்பது கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து வடித்த சீரம் கலந்த ஊதாச்சிவப்புத் திரவம். பட்டினித் திரவத்தில் சீரம் மட்டும் இருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒரே நிறம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டினி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்து, திங்கட்கிழமை காலையில் செல்லை உடைத்து அளவெடுப்பு. நடுவில் இருக்கிற சனிக்கிழமை தாரணி ஆய்வுக்கூடத்துக்கு வரமாட்டாள். அந்த வாரத்துத் துணியும் ஹேமந்தும் வீட்டில் காத்திருக்கிற நாள் அது.

ஹேமந்த் அவள் கணவர். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. பழுதான உருப்படி ஒன்றைக் கையில் எடுத்தால், எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், யார் ஆள் என்று கேட்காமல் கீழே வைக்கமாட்டார். அவர்தான் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று, அவளுடைய சோதனைத் தேதிகளைச் சமையலறைக் காலண்டரிலும் அதற்கடியில் தொங்கிய பழைய காலண்டர்களிலும் குறித்துப் பார்த்தார்.

“தாரு, இங்க வா. உன்ற நல்ல ரிசல்ட்டு ஆறு இருக்குதல்ல? ஆறும் அமாவாசைய ஒட்டியே வந்திருக்குது.”

“உங்களுக்குக் கேலியாப் போச்சுங்க.”

“கேலி என்ன இதுல? கருப்பு வட்டம் போட்டிருக்கறான் பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறும் அதுக்குப் பக்கத்து சனி ஞாயிறு. உன்ற செல்லு விரதம் கிரதம் இருக்குதோ என்னமோ!”

“பஸ் போயிரும், கெளம்புங்க” என்று அவள் டிபன் டப்பாவை அவர் கையில் திணித்தாள். விஞ்ஞானம் படித்தவளிடம் அமாவாசை பேசினால் கோபம் வரத்தானே செய்யும்? வந்த கோபத்தில், அவர் சொன்னது சரியா என்று ஒரு நிமிஷம் காலண்டரைப் பார்க்கவும் தோன்றவில்லை.

ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. நான்கு பேராசிரியர்கள், நான்கு தட்டு முந்திரி பிஸ்கட். ஏற்கனவே இரண்டு முறை நீட்டிப்புக் கொடுத்தாகிவிட்டது, மூன்றாவது கிடையாது, ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று சொல்லிவிட்டார்கள். பதிவு ரத்தானால் ஆறு வருஷமும் சேர்ந்து ரத்து. ஈஸ்ட்டின் ஒழுக்கமும் அதோடு போகும். மூன்றாம் அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு இல்லை. மூன்றாம் அத்தியாயமோ நாலு தடவைக்கு ஒரு தடவை மட்டும் உண்மை பேசிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்துநான்காவது முறையாகச் செல்களைப் பட்டினி போட்டாள். மறுநாள் சனிக்கிழமை துணி ஊறிக்கொண்டிருக்கும்போதே கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போய் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. செல்லை நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

செல் அறைக் கதவைத் திறந்தால், கண்ணாடித் தடுப்பு வைத்த வேலைமேடை முன்னால் நஞ்சம்மா உட்கார்ந்திருந்தார்.

நஞ்சம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஹனூர்ப் பக்கம். வீட்டுப் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்பு வரை கன்னடம். அதனால் பேசுவது தமிழ், படிப்பது கன்னடம் மட்டும். ஒப்பந்தத் தாளில் அவர் வேலை கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது. நடைமுறையில், அந்தத் தளத்து மாணவர்கள் எல்லாரும் சனிக்கிழமை வீட்டில் இருக்க ஆசைப்பட்டதால், சனிக்கிழமைகளில் எல்லார் குடுவைக்கும் தீனி மாற்றுகிறவர் அவர்தான். கையுறை போட்டு, எரிசாராயம் தெளித்து, மூச்சை அடக்கி அவர் வேலை செய்வதைப் பார்த்தால் டாக்டர் பட்டத்தை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஒரு குடுவையிலும் பூஞ்சை பிடித்ததில்லை. எந்தக் குடுவைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மாணவர்கள் நகத்தளவு மஞ்சள் தாளில் கன்னடத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போவார்கள். தொளெ என்றால் கழுவு. ஹாக்கு என்றால் ஊற்று. எஸெ என்றால் எறி.

அவர் கையில் இருந்தது தாரணியின் குடுவை. உள்ளே இருந்த பட்டினித் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, சீரம் கலந்த தீனியை நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஐயோ நஞ்சக்கா! என்னங்க்கா பண்றீங்க?”

நஞ்சம்மாவின் கை ஆடவில்லை. “சத்தம் போடாதீங் அம்மிணி, வாய்க்காத்து உள்ள பூந்துரும். தீனி வெக்கறனுங்.”

“என்ற குடுவைக்கா?”

“உங்களுதுக்குத்தானுங். மத்தவங்களுதெல்லாம் கொழுகொழுன்னு இருக்குது, உங்களுது மட்டும் எப்பவும் வாடிக் கெடக்குது. பாத்தாப் பாவமா இருக்குமுங்க.”

“அதுல சாக்குன்னு எழுதி ஒட்டியிருக்கறனேக்கா!”

“அதப் பாத்துத்தானுங் வெக்கறன்.”

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்தில் போட்டால் கோணிப்பை மாதிரியும் தப்பிக்கச் சொல்லும் காரணம் மாதிரியும் தெரிகிறது. கன்னடத்தில் இரண்டும் இல்லை. ‘க்’கை அழுத்தாமல் சொல்ல வேண்டும். ‘போதும்’ என்று அர்த்தம். ‘காபி சாக்கு’ என்றால் காபி போதும். தீனி போதும், இனி வைக்க வேண்டாம் என்கிற பொருளில்தான் இரண்டு வருஷமாகப் பட்டினிக் குடுவைகளின் மேல் தாரணி அதை எழுதி ஒட்டிவந்தாள்.

“சாக்குன்னா போதும்னு அர்த்தமுங்க்கா! தீனி வெக்காதீங்கன்னு அர்த்தம்!”

“வளத்துன்னும் அர்த்தமுங்க.” நஞ்சம்மா குடுவையை மூடி ஓரமாக வைத்தார். “வளத்துன நாய சாக்கித நாயின்னு சொல்றதில்லீங்ளா? ஆடு சாக்கறம், கோழி சாக்கறம். செல்லச் சாக்குன்னு எழுதியிருக்குது, நான் சாக்கறன்.”

“செல்லப் போயி யாராவது அப்படி எழுதுவாங்களாக்கா?”

“நீங்கதான எழுதியிருக்கறீங்க?” நஞ்சம்மா முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். “இங்க வாங்க அம்மிணி. இந்தப் பாத்தரத்துல என்ன ஒட்டியிருக்கறீங்க? தொளெ. அந்த பாட்டல்ல? எஸெ. இந்தா, இதுல? ஹாக்கு. எல்லாம் ஏகவசனமுங்க. கழுவுடி, எறிடி, ஊத்துடிங்கற மாதிரி. மருவாதியா எழுதறவங்களா இருந்தா ஹாக்கின்னு எழுதுவாங்க, வளத்தறதுக்கு சாக்கின்னு எழுதுவாங்க. அப்படி எழுதற கையி ஒரு நாளைக்கு சாக்குன்னு ஒட்டியிருந்தா, ஓ, இது போதும்னு சொல்றாங்கன்னு எனக்கும் வெளங்கியிருக்கும். நீங்கதான் எனக்கு ஒரு நாளும் அப்புடி எழுதுனதில்லியே. வரிசையா அதட்டிட்டே வந்து நடுவுல சாக்குன்னா, அதும் ஒரு அதட்டுன்னுதானுங் நெனப்பாங்க?”

இலக்கணம் கச்சிதமாகத் தாரணியின் தலையில் விழுந்தது. பேச்சில் அவள் ‘ங்க’ போடாத ஆளே கிடையாது. கண்டக்டருக்கு ‘ங்க’, நிறுத்தாமல் போன பஸ்ஸுக்கும் ‘ங்க’. நஞ்சம்மாவை அக்கா என்று கூப்பிட்டு ‘ங்க’வைத் தனியாக ஒரு தடவை சேர்த்துக்கொள்வாள். தாளில் எழுதும்போது மட்டும் அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்த மாணவன் எழுதினதைப் பார்த்து எழுதினாள். அவன் அவனுக்கு முன்னால் இருந்தவனைப் பார்த்து எழுதியிருப்பான். தாள் சின்னது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஹாக்கு என்று எழுத எத்தனை இடமோ அத்தனை இடம்தான் ஹாக்கி என்று எழுதவும்.

“ரெண்டு வருசமாவாக்கா வெக்கறீங்க?”

“எல்லாச் சனிக்கெழமையும் வெச்சர்றனுங். மாசத்துல ஒண்ணு மட்டும் தவறிப்போகும். அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போயர்றனல்ல, அதொட்டி வர்ற சனிக்கெழமை லீவு. ஊருக்குப் போயிருந்தாலும் இந்தப் புள்ளையோட செல்லு காயுமேன்னு நெனச்சுக்கிட்டேதானுங் இருப்பன்.”

தாரணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹேமந்த் கேலி செய்யவில்லை. செல் உண்மையாகவே விரதம் இருந்திருக்கிறது, அமாவாசைக்கு மட்டும். மற்ற வாரங்களில் பாயசம் குடித்துக்கொண்டு, பிரேக்கைத் திறந்து போட்டுக்கொண்டு, அவளை இரண்டு வருஷம் முட்டாளாக நிற்க வைத்திருக்கிறது. அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நஞ்சம்மாவைத் திட்டலாம் என்றால் அவர் எழுதியிருந்ததை அப்படியே செய்தார். செல்லைத் திட்டலாம் என்றால் கேசவமூர்த்தி சொன்னது சரி, அது பொய் சொல்லவில்லை. கடைசியில் அந்த மஞ்சள் தாள் கட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் வீசினாள்.

“எஸெ” என்றார் நஞ்சம்மா, மெதுவாக.

திங்கட்கிழமை கேசவமூர்த்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “சாக்குன்னு ஒரு சாக்கா? முப்பது வருஷ சர்வீஸ்லே பசங்க நூறு சாக்குச் சொல்லிக் கேட்டிருக்கேன். இது ஒண்ணுதான் பேரையும் சேத்துண்டு வந்திருக்கு” என்றார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. தாளை இழுத்து வைத்துக்கொண்டார்.

“இரு, இரு. அப்போ அந்த ஆறு தடவையும் சுத்தமான பட்டினி. மருந்தில்லேன்னா மூடியிருக்கு, கொடுத்தா தெறக்கறது. பதினேழும் கெட்டுப்போனது. கெட்டதை எடுத்துப் போட்டுடு. ஆறு போறுமேம்மா! தலைப்புக்கு அப்படியே பொருந்தறது. ஒரு வாரத்துலே எழுதிடலாம்.”

ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். ஆறு வருஷமாக இந்த வாக்கியத்துக்குத்தான் அவள் காத்திருந்தாள். தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை.

“சார், அந்தப் பதினேழும் கெட்டுப்போனதில்லீங்க சார். தீனி வெச்சது. தீனி இருந்தா மருந்து குடுக்காமயே அந்த மரபணு தெறந்துக்குது. பதினேழு தடவையும் அதேதான் சொல்லியிருக்குது.”

“அது நம்ம கேள்வி இல்லேம்மா.”

“ஒடம்புக்குள்ள கட்டி பட்டினியாவா கெடக்குது சார்? ரத்தம் போயிட்டேதான இருக்குது? ஈஸ்ட்டுக்கும் நாம நல்லாத் தீனி வெச்சுத்தான் பண்ணினோம். தின்னுட்டிருக்கற ஈஸ்ட்டையும் பட்டினியாக் கெடக்கற செல்லையும் பக்கத்துல வெச்சுட்டு, ரெண்டுத்துலயும் ஒரே விசைன்னு சொன்னா எப்படிங்க சார்?”

கேசவமூர்த்தி பேனாவைத் தட்டினார். “சரி. தீனி வெச்சா பிரேக் தெறக்கறதுன்னு சொல்றே. பிரேக் தெறந்தப்பறமும் செல்லு ஏன் பெருகிண்டே இருக்கு?”

“அதுதாங்க சார் எனக்கும் தெரியல.”

“தெரியாததை வெச்சு ஆய்வேடு எழுதறாளாம்!” என்று அவர் கூரையைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. தலைப்பு வைப்பதில் அவசரக்காரர், அவ்வளவே. “அஞ்சு வாரம் இருக்கு. தீனி வெச்சு ஒரு பக்கம், பட்டினி போட்டு ஒரு பக்கம், கூடவே நடத்து. மூணு தடவை. மூணும் ஒத்து வரலேன்னா அந்த ஆறை எழுதிக் கொடுத்துட்டுப் போயிண்டே இரு.”

மூன்று வாரக்கடைசி. தாரணி புதுத் தாள் வாங்கினாள், பெரிய அளவில். தீனி வைக்க வேண்டிய குடுவைகளில் ‘தயவிட்டு ஹாக்கி’ என்றும், பட்டினிக் குடுவைகளில் ‘தயவிட்டு ஹாக்கபேடி’ என்றும் எழுதினாள். தயவுசெய்து ஊற்றுங்கள், தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

“இத்தன மருவாதிய எங்கீங் ஒட்டறது?” என்று நஞ்சம்மா குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ள செல்லு இருக்குதா இல்லியான்னே தெரியல.”

“நான் இனிமே சனிக்கெழமையும் வர்றங்க்கா. கூடவே இருக்கறன்.”

“வாங்க. ஆனா பேசக்கூடாது. நீங்க பேசிட்டே வேல செய்யறீங்க, அதானுங் உங்க கையில நிக்க மாட்டேங்குது.”

முதல் வாரம் மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓட மறுத்து, குடுவைகள் குளிர்ந்து, எல்லாம் குப்பைக்குப் போனது. இருந்த ஒரே உபரி வாரமும் அதோடு போயிற்று. அடுத்த மூன்று வாரங்களும் சொல்லி வைத்த மாதிரி வந்தன. பட்டினிக் குடுவையில் மருந்தில்லாவிட்டால் மூடியிருந்தது, கொடுத்தால் திறந்தது. தீனிக் குடுவையில் மருந்து கொடுத்தாலும் திறந்திருந்தது, கொடுக்காவிட்டாலும் திறந்திருந்தது. அந்த நொதி வாசலில் நின்று கொண்டிருப்பதையே மரபணு மதிக்கவில்லை. மூன்றாவது வாரத்து வரைபடத்தைக் கேசவமூர்த்தி நெடுநேரம் பார்த்தார். மருந்து புற்றுநோய்ச் செல்லில் வேலை செய்கிறது, செல் பசியாக இருந்தால். ஈஸ்ட்டின் விசையும் இதன் விசையும் உருவத்தில் ஒன்று. இங்கே அதற்கு மேலே இன்னொரு கை இருக்கிறது, அது தீனியைப் பார்த்து அசைகிறது. அந்தக் கை எது என்று கண்டுபிடிக்க இன்னொருத்தி ஆறு வருஷம் செலவழிக்க வேண்டும்.

“தலைப்புப் போச்சு” என்றார் கேசவமூர்த்தி.

“மாத்திரலாங்க சார்.”

“தலைப்பிலே ஒரு வார்த்தை மாறணும்னாலும் ஃபாரம் நிரப்பணும், கமிட்டி ஒத்துக்கணும். கமிட்டி இனிமே செப்டம்பர்லேதான் கூடறது. உன் பதிவு ஜூலையோட சரி.” அவர் எழுந்து ஜன்னலருகே போனார். “பழைய தலைப்பிலேயே கொடுத்துடு. யார் படிக்கப்போறா?”

அட்டையில் ஒரே விசை என்று போட்டுவிட்டு உள்ளே அறுபது பக்கத்துக்கு இல்லை என்று எழுதுவதா? அந்த அறுபது பக்கத்தில், பதினேழு சோதனைகளில் செல்களுக்குத் தீனி போனது எப்படி என்று ஒரு பத்தியும் இருந்தது. குறிப்பு இரண்டு பொருள்படும்படி எழுதப்பட்டிருந்தது, தவறு எழுதியவருடையது, தீனி வைத்தவர் எழுதியிருந்தபடியே செய்தார் என்று. கேசவமூர்த்தி அதை இரண்டு முறை அடித்தார். அவள் இரண்டு முறையும் திரும்பச் சேர்த்தாள்.

முப்பதாம் தேதி அச்சுக் கடையில் உட்கார்ந்து, எட்டுப் பக்கம் நீளும் பல்கலைக்கழக விதிகளை அவள் முழுவதுமாகப் படித்தாள். ஆறு வருஷத்தில் எந்த மாணவரும் செய்யாத காரியம். பிறகு கடைக்காரரிடம் அட்டையில் ஒரு சின்ன வேலை சொன்னாள்.

முப்பத்தொன்றாம் தேதி பல்கலைக்கழக அலுவலகக் கவுன்டரில் பதினைந்து பேர் நின்றார்கள். உள்ளே இருந்தவர் காளியப்பன், கொள்ளேகால்காரர். ஆய்வேட்டின் அட்டையையும் பழைய பதிவுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். கடைசிச் சொல்லில் விரல் நின்றது.

“இதென்னுங்க, கடைசில ஒரு கொக்கி?”

“கேள்விக்குறிங்ணா.”

“பதிவுல இல்லீங்களே. பதிவுல ‘ஒரே விசை’ன்னு இருக்குது. நீங்க ‘ஒரே விசை?’ன்னு கேக்கறீங்க.”

“வார்த்தை மாறினாத்தான் ஃபாரம் வேணும்னு விதியில போட்டிருக்குதுங்ணா. இதுல ஒரு வார்த்தையும் மாறல. எண்ணிப் பாத்துக்குங்க.”

காளியப்பன் எண்ணினார். விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்து உள்ளே இருந்த சூப்பிரண்டென்டிடம் போனார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். “யாருப்பா அது, கொக்கி போட்டுட்டு வந்தவங்க?” என்றது ஒரு குரல். ஐந்து நிமிஷம் கழித்து அவர் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கொக்கிக்கு விதி இல்லைன்னுட்டாருங்க” என்று சொல்லி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

ஆய்வேடு உள்ளே போய்விட்டது; ஆறு வருஷம் பிழைத்தது. காளியப்பன் ரசீதுப் புத்தகத்தை விரித்து, பழைய பதிவுத் தாளைப் பார்த்துத் தலைப்பை எழுதி, கிழித்து நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். ‘ஒரே விசை’ என்று முடிந்திருந்தது.

“அண்ணா, அந்தக் கேள்விக்குறி விட்டுப்போச்சுங்க.”

“ரசீதுக்கு எதுக்குங்க அது? அட்டையிலதான் இருக்குதல்ல?”

“இதுலயும் போட்ருங்ணா.”

“பின்னால எத்தன பேர் நிக்கறாங்க பாருங்க.”

“நிக்கட்டுங்க” என்றாள் தாரணி, ரசீதைக் கவுன்டருக்குள் திரும்பத் தள்ளி. “நானும் நிக்கறனுங்க.”